நோயாளியிடம் சொல்ல வேண்டாம்

மார்பகத்தை எடுத்து இரண்டு வருடம் கழித்து என் இடது கை வீங்க ஆரம்பித்தது. அறுவைச் சிகிச்சையின்போது அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தார்கள். அப்படி எடுத்தவர்களில் சிலருக்குக் கையில் நீர் கோத்துக்கொள்ளும் என்றார்கள். என் ரவிக்கைகளின் இடது கைத் தையலை மட்டும் பிரித்து அகலப்படுத்திக் கொடுத்தவள் அக்கா. கைக்குக் கட்டுப் போட்டு வீக்கத்தை இறக்கும் பிசியோதெரபி டாக்டர் ஒருத்தி விழுப்புரத்துக்கு வந்திருக்கிறாள் என்று விசாரித்துச் சொன்னவளும் அவள்தான்.

இது 2015இல். அப்போது நான் திண்டிவனத்தில் மாதா கோவிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். நாற்பத்தைந்து வயது. வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். மகள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அக்கா விழுப்புரத்தில் தையல் வேலை செய்துகொண்டு தனியாக இருந்தாள். முப்பத்திரண்டு வயதில் கணவனை இழந்து பிள்ளைகளைத் தனியாக ஆளாக்கியவள்.

சனிக்கிழமைதோறும் பாசஞ்சர் ரயிலில் போனேன். கண்டக்டர் பெண்டாட்டி ரயிலில் போவதா என்று அவருக்கு வருத்தம். ஆனால் பஸ்ஸில் ஏறினால் எல்லாரும் அவருடைய சிநேகிதர்கள். உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு எனக்கு இடம் தருவார்கள். உடம்பு இப்ப தேவலாமா என்று பஸ் முழுக்கக் கேட்கிறமாதிரி விசாரிப்பார்கள். அது ஒரு காரணம். அவரிடம் சொல்லாத இன்னொரு காரணமும் இருந்தது. பஸ் பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் என்னை அறியாமல் சிறுநீர் கசிந்தது. ரயிலில் கக்கூஸ் இருக்கிறது.

மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஒரு அறை. நடுவில் பச்சைத் திரை, ரெக்சின் போட்ட கட்டில், சுவரில் முதுகெலும்புப் படம். டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. சென்னையில் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்தவள், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். முட்டி வலி, பக்கவாதம் என்று வருகிறவர்கள்தான் அவளிடம் அதிகம். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, கையில் கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தபோது கட்டுக்கு முன் தூவிய பவுடர் மூக்கில் ஏறி எனக்குத் தும்மல் வந்தது. சட்டென்று காலைப் பின்னிக்கொண்டேன். அவள் கட்டுவதை நிறுத்தவில்லை.

“தும்மும்போது யூரின் வருதா டீச்சர்?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அவள் விரல் நுனிவரை சுற்றி முடித்து பிளாஸ்டர் ஒட்டினாள். அப்புறம் நானே, வருது என்றேன். எவ்வளவு நாளாக என்றாள். சொன்னேன். வேறு வலி இருக்கிறதா, வீட்டுக்காரரோடு இருக்கும்போது வலிக்கிறதா என்று, பல்வலி இருக்கிறதா என்று கேட்கிறமாதிரி கேட்டாள். அதுவரை எத்தனையோ டாக்டர்கள் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் இதைக் கேட்டதில்லை. நான் அழுதுவிட்டேன்.

அவளிடம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கீமோ முடிந்த பிறகு, நோய் திரும்ப வராமலிருக்க சினைப்பை இரண்டையும் எடுத்துவிடலாம் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாதவிலக்கு நின்றுவிடும் என்றார்கள். நிற்கட்டுமே என்று கையெழுத்துப் போட்டேன். ஐந்து மாதம் கழித்து அவர் என் பக்கத்தில் வந்தபோது பிளேடால் கீறினமாதிரி வலித்தது. மார்பு போன இடத்தைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்தது, அதனால் உடம்பு இப்படிச் சுருங்கிக்கொள்கிறது என்று நினைத்தேன். அப்புறம் இரண்டு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். மூன்றாம் தடவை அவரைத் தள்ளியே விட்டேன். அவர் பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். அதன் பிறகு அவர் படுக்கை அங்கேதான்.

அக்காவிடம் மட்டும் சொல்லி அழுதேன். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, உயிர் மிஞ்சியதே, அதற்கு மாதாவுக்கு நன்றி சொல் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஏன் இப்படி இளைத்துப்போனீர்கள் என்று அவரைக் கேட்டாள். “உங்க தங்கச்சிக்கு என்மேல பிரியம் போயிடுச்சு” என்றார் அவர், சிரித்துக்கொண்டே. உண்மையிலேயே போய்விட்டதோ என்று என்னையே சோதித்துப் பார்த்தேன். அந்தத் தவக்காலத்தில் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், என் கணவருக்கு நான் மனைவியாக நடக்கவில்லை என்று முழங்காலில் நின்று சொன்னேன். பொறுமையாக இரு, ஜெபம் பண்ணு என்றார் சாமியார். ஜெபம் பண்ணினேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“சினைப்பைய எடுத்துட்டா அதுலருந்து வர்ற ஹார்மோன் சடார்னு நின்னுடும். அங்க தோல் மெலிஞ்சு வறண்டுடும். ஒருதடவை வலிச்சா அடுத்த தடவைக்கு முன்னாடியே கீழ இருக்கற தசை பயந்து இறுகிக்கும். இறுகினா இன்னும் வலிக்கும். யூரினப் பிடிச்சு வைக்கறதும் அதே தசைதான். இது உங்க மனசுல இருக்கற கோளாறு இல்ல டீச்சர். தசை. தசையப் பழக்கலாம்.”

என்ன வகைப் புற்றுநோய், என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று பார்க்க வேண்டும், அடுத்த வாரம் ஃபைலை எடுத்து வாருங்கள் என்றாள்.

அந்த ஃபைலை நான் படித்ததே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அது அவர் கக்கத்தில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விடும். படித்தால் இன்னும் எத்தனை நாள் என்று எழுதியிருக்குமோ என்ற பயத்தில் நானும் தொட்டதில்லை. அந்த சனிக்கிழமை அவர் விடியற்காலை டூட்டிக்குப் போன பிறகு ஸ்டூல் போட்டு எடுத்தேன். ரயிலிலும் பிரிக்கவில்லை. முண்டியம்பாக்கம் தாண்டும்வரை மடியிலேயே வைத்திருந்தேன்.

டாக்டர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். ஒரு தாளில் நின்றாள். அடுத்ததைப் பார்த்துவிட்டு மறுபடி முன் தாளுக்கு வந்தாள்.

“இதைப் பத்தி உங்ககிட்ட யாரும் சொல்லலையா?”

இல்லை என்றேன். அவள் ஃபைலை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

இங்கிலீஷில் எழுதியிருந்தது. இரண்டாம் வகுப்பு டீச்சருக்கும் புரிகிற இங்கிலீஷ்தான். சினைப்பையை எடுப்பதால் வரக்கூடிய வறட்சி, தாம்பத்தியத்தில் வலி, சிறுநீர்க் கசிவு ஆகியவை பற்றி நோயாளியின் கணவருக்கும் சகோதரிக்கும் விளக்கப்பட்டது. நோயாளியிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டனர். கீழே அவருடைய கையெழுத்து. அதன் கீழே அக்காவின் கையெழுத்து, துணி அளவு எழுதும் அதே உருண்டைத் தமிழ் எழுத்தில். தாளோடு ஒரு சின்னச் சீட்டு குண்டூசியால் குத்தியிருந்தது. ஆறு வாரம் கழித்து இன்னாரைப் பிசியோதெரபிப் பிரிவுக்கு அனுப்பவும், இடுப்புத் தசைப் பயிற்சிக்காக என்று என் பெயர், வயது எல்லாம் போட்டிருந்தது. குண்டூசி துருப்பிடித்து என் பெயருக்கு மேலே கறை இறங்கியிருந்தது.

காட்டாமல் இருந்திருக்க வேண்டுமோ என்று டாக்டர் மெல்லக் கேட்டாள். நீங்கள் ஒருவராவது காட்டினீர்களே என்றேன். ஃபைலை மூடிப் பைக்குள் வைத்தேன். பயிற்சியை இன்னொரு நாள் ஆரம்பிக்கலாம் என்றாள். “வேணாம் டாக்டர். இன்னைக்கே ஆரம்பிங்க” என்றேன்.

திரைக்குப் பின்னால் படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டேன். மேலே ஒரு போர்வை. கையுறை போட்டுக்கொண்டு, ஒரு விரலால் உள்ளே தசையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், பார்க்கலாமா என்றாள். சரி என்றேன். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டுச் செய்தாள். நிறுத்தச் சொன்னால் அந்த நிமிடமே நிறுத்திவிடுவேன் என்றாள். நான் ஒருதடவை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். அவ்வளவு எளிதாக நிறுத்த முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. அன்று அவள் கற்றுக்கொடுத்தது மூச்சு ஒன்றுதான். வயிறு உயர மூச்சை இழுத்து, அதோடு கீழே எல்லாம் இளகட்டும் என்று விட வேண்டும்.

“பல்லக் கடிக்காதீங்க டீச்சர். மேல கடிச்சா கீழயும் கடிக்கும்” என்றாள்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடச் சீருடைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கீமோ நாட்களில் நான் எடுத்த வாந்தியை எல்லாம் அள்ளிக் கொட்டியவள் அவள். என் ரவிக்கைகளுக்குள் பஞ்சு வைத்து, எடை சரியாக இருக்க ஒரு பிடி கடுகும் வைத்துத் தைத்துக் கொடுத்தவள். அம்மா இருந்தால்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டாள்.

ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தேன் என்றேன். மிஷின் நின்றது. எந்தச் சீட்டு என்று அவள் கேட்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“நான்தான்டி வேணான்னேன். அவரு சொல்லிடலாம்னுதான் சொன்னாரு. இதெல்லாம் தெரிஞ்சா நீ ஆபரேஷனுக்கு ஒத்துக்குவியா? எனக்கு நீ உசுரோட வேணும்.”

“சொல்லியிருந்தாலும் ஒத்துக்கினு இருப்பேன். பின்னாடியாவது சொல்லியிருக்கலாமே. உன்கிட்ட வந்து அழுதேனே, அன்னைக்கிச் சொல்லியிருக்கலாமே.”

அவள் ஊசியில் நூல் கோக்கிறமாதிரி குனிந்துகொண்டாள். நூல் ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது.

“இன்னாத்துக்குடி அது? நான் இருக்கல? முப்பத்திரண்டு வயசுலருந்து நான் அப்பிடியே இருக்கல?”

அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் தன் வாழ்க்கையை அளவாக வைத்து என் வாழ்க்கையையும் வெட்டிவிட்டாளே என்று கோபம் வந்தது. காபி போடுகிறேன், இருந்துவிட்டுப் போ என்றாள். நான் இருக்கவில்லை.

மாலையில் அவர் டூட்டி முடிந்து வந்து கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார். ஃபைலைப் பிரித்து மேஜைமேல் வைத்திருந்தேன். நின்றபடியே பார்த்தார்.

“படிச்சிட்டியா?” என்றார்.

நான் கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. பேசாமல் இருந்ததால் அவரே சொன்னார். முதலில் நான் பயந்துவிடுவேன் என்று சொல்லவில்லை. உடம்பு தேறியதும் சொல்லிவிடுவதாக டாக்டரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்புறம் சொன்னால், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நான் கேட்பேனே என்று தள்ளிப்போட்டிருக்கிறார். “நாளாக நாளாக வாய் வரல. எனக்கும் பேஜாராத்தான் இருந்துச்சு” என்றார்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போன அன்று அவர் கோவில் வாசலில் செருப்புக்குக் காவல் மாதிரி நின்றுகொண்டிருந்தார். நான் எதற்காகப் போகிறேன் என்று அவருக்குத் தெரியும், நானே சொல்லியிருந்தேன். அதை நினைவுபடுத்தினேன். தலையைக் குனிந்துகொண்டார்.

“அக்கா எதிருல, எனக்கு உங்கமேல பிரியம் போயிடுச்சுன்னு சொன்னீங்களே. உங்க ரெண்டு பேருக்கும் காரணம் தெரியும். எனக்குத்தான் தெரியாது. ஏங்க அப்பிடிச் சொன்னீங்க?”

“வேற இன்னா சொல்றது?” என்றார்.

அவர் பொய்யாக ஒரு காரணம் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இந்தப் பதிலைத்தான் அதிகம் யோசித்திருக்கிறேன். அவருக்கு என்மேல் கோபம் இல்லை, வேறு பெண் இல்லை, குடி இல்லை. ஏதோ ஒன்று சொல்லியாக வேண்டியிருந்தது, கைக்குப் பக்கத்தில் நான் இருந்தேன், என்மேல் போட்டுவிட்டார். அவ்வளவுதான்.

அடுத்த செக்கப்புக்கு வழக்கம்போல அவரும் அக்காவும் புதுச்சேரிக்குக் கூட வந்தார்கள். அவர்களை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். வீட்டுக்காரர் வரவில்லையா என்று ஆபரேஷன் செய்த டாக்டர் முதலில் கேட்டார். வெளியே இருக்கிறார், நீங்கள் என்னிடம் சொல்லுங்கள் என்று அந்தத் தாளை எடுத்து வைத்தேன். தன் எழுத்தைத் தானே படித்துப் பார்த்தார். குடும்பத்தில் கேட்டுக்கொண்டார்கள், வழக்கமாக அப்படித்தான் செய்கிறோம் என்றார். என் உயிரைக் காப்பாற்றிய மனிதர், அவரிடம் எனக்குச் சண்டை போட வரவில்லை. இனிமேல் எதுவானாலும் என்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்றேன். அதையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொன்னேன். எழுதினார்.

விழுப்புரத்தில் சிகிச்சை எட்டு மாதம் நடந்தது. மூச்சுக்குப் பிறகு, சிலிக்கானில் செய்த வழவழப்பான உருளைகள் ஒரு செட் கொடுத்தாள் டாக்டர். சுண்டுவிரல் அளவில் தொடங்கி ஒன்றைவிட ஒன்று பெரிதாக இருக்கும். என்னுடையது ஹார்மோனால் வளரும் புற்றுநோய், அதனால் ஹார்மோன் களிம்பு வேண்டாம், வழவழப்புக்கு ஜெல் போதும் என்றாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அவர் டூட்டி முடிந்து வருவதற்குள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பயிற்சி செய்வேன். முதல் மாதம் சுண்டுவிரல் அளவே ஏழு மலை ஏறுகிறமாதிரி இருந்தது. அப்புறம் தசையை இறுக்கிப் பிடித்து விடுகிற பயிற்சி. அதை வகுப்பிலேயே செய்யலாம். பிள்ளைகள் போர்டைப் பார்த்து எழுதும்போது நான் மேஜையருகில் உட்கார்ந்து, மூச்சை விட்டபடி மேலே இழுத்துப் பிடித்து, ஐந்து எண்ணிவிட்டு விடுவேன். யாருக்கும் தெரியாது. தும்மல் வருவது தெரிந்தால் முன்னாலேயே இறுக்கிக்கொள்ளப் பழகினேன்.

விளையாட்டு விழாவன்று என் வகுப்புப் பிள்ளை ஒன்று பாதி ஓட்டத்தில் அழுதுகொண்டு நின்றுவிட்டது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு கோடுவரை நானும் ஓடினேன். ஓடி முடித்த பிறகுதான் நினைவு வந்தது. பாத்ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வழக்கமாக இதுபோன்ற சந்தோஷத்தைச் சொல்ல எனக்கு இருந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். சனிக்கிழமை வரை காத்திருந்து டாக்டரிடம் சொன்னேன்.

ஒருதடவை டாக்டர், உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டி வந்தால் சிலதை எடுத்துச் சொல்லலாம் என்றாள். “அவருக்கு ஏற்கெனவே எடுத்துச் சொல்லியாச்சு டாக்டர். எழுத்துலயே இருக்கு” என்றேன். அவள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

பத்து மாதம் அக்கா வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. ரவிக்கை தைத்து அவரிடம் கொடுத்தனுப்பினாள், போட்டுக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் திண்டிவனம் வந்தாள். எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஒரு பை கொண்டுவந்திருந்தாள். சமையலறையில் தரையில் உட்கார்ந்து அதை உடைத்துக்கொண்டே, அந்த டாக்டர் பொண்ணு இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்றாள். இருக்கிறது என்றேன்.

“இருமுனா வருதுடி. பெரியவன் பொறந்ததுலருந்தே அப்பிடித்தான். இப்ப ரொம்ப ஆயிடுச்சு. பூசைக்குப் போனாக்கூட துணி வச்சிக்கினுதான் போறேன்.”

அவள் பெரியவனுக்கு அப்போது முப்பது வயது. மார்பு போன என்னை ஒரு வருடம் தன் கையால் குளிப்பாட்டியவள், தன் உடம்பைப் பற்றி எனக்கும் சொன்னதில்லை.

எனக்கு இரக்கம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால், “இந்த வயசுல இதெல்லாம் எதுக்குக்கா?” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் உடைப்பதை நிறுத்திவிட்டு ஓடுகளையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். சொன்னதற்காக வெட்கப்பட்டேன். ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அந்தச் சனிக்கிழமை நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். திரைக்குப் பக்கத்தில் நின்று டாக்டரிடம், “எல்லாத்தையும் அவங்ககிட்டயே சொல்லுங்க. என்கிட்டச் சொல்ல வேணாம்” என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இறங்கிப்போய்க் கீழே மருந்துக்கடை வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

அவரோடு மறுபடி சேர்ந்தது அந்தத் தாளைப் படித்து ஒன்றரை வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் கேட்கவில்லை. நான்தான் கூப்பிட்டேன். கடைசி உருளைக்கும் வலி இல்லாமல் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. இனி இதைச் செய்யாமலிருந்தால் அது வலியால் அல்ல, கோபத்தால் என்று ஆகிவிடும், அந்தக் கோபத்தை வாழ்நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. எப்படி, எவ்வளவு மெதுவாக என்று ஒவ்வொன்றையும் நான் சொன்னேன், அவர் கேட்டார். நடுவில் என் கண்ணில் தண்ணீர் வந்தது. வலிக்கிறதா என்று பதறிப்போனார். இல்லை என்றேன். வலிக்கவில்லைதான். வேறு எதற்கு அழுகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாய் உள்ளறைக்குத் திரும்பி வந்தது.

அவர் மாறிவிட்டார் என்று அக்கா சொல்கிறாள். இருக்கலாம். இப்போது அவருக்குச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு ஒருதடவை ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட்டை வாங்கி வந்து, “பயப்படாத, கொஞ்சம்தான் ஏறியிருக்குது” என்கிறார். நான் கை நீட்டி அந்தப் பேப்பரை வாங்கிப் பார்க்கிறேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது, ஒருதடவைகூட மாறினதில்லை. நான் படித்து முடிக்கும்வரை அவர் எதிரில் நின்றுகொண்டிருக்கிறார்.